அண்ணியும் முன் இடது டயரும்

எங்கள் வண்டியின் முன் இடது டயர் தேய்ந்து வழவழவென்று ஆனதற்குக் காரணம் தன் அக்காதான் என்று என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். அக்கா அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். கையில் அப்பளம் இருந்தது.

கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தஞ்சோங் ரம்புத்தானில் தனியாக இருக்கிறார். பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் என்பதால், எந்த ஊர் என்று கேட்பவர்கள் பதிலைக் கேட்டதும் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்கள். அண்ணியே முந்திக்கொண்டு, "வெளியதான் இருக்கேன், உள்ள இல்லலா" என்று சொல்லி அவர்களைக் காப்பாற்றிவிடுவார். எந்தக் கேலியையும் தாங்குகிற மனுஷிதான். ஆனால் உடம்பைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக்கூடாது. எனக்கு இது கல்யாணமான முதல் மாதமே புரிந்துவிட்டது. கூடப் பிறந்தவருக்கு இன்னும் புரியவில்லை.

அவர் அப்படிச் சொன்னதற்கு உள்நோக்கம் உண்டு. வண்டி என்னுடையது, ஓட்டுவதும் நான். ஈப்போவில் பாதிப் பேர் வைத்திருக்கிற மாதிரி உயரமான எஸ்.யூ.வி. அண்ணிக்கு முட்டி வலி. அதனால் எங்கே போனாலும் முன் சீட் அண்ணிக்கு. அதுவும் காலை நீட்ட வசதியாகச் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிக்கொள்வார். அந்தச் சீட்டுக்குப் பின்னால், முகவாயில் முட்டி இடிக்க, மடியில் வாழைப்பழச் சீப்போடும் பூமாலையோடும் என் கணவர் உட்கார்ந்து வருவார். பல வருஷத்து வயிற்றெரிச்சல் அது. அன்றைக்கு டயர் வழியாக வெளியே வந்தது.

நெடுஞ்சாலையில் கொஞ்சம் வேகமெடுத்தால் வண்டி ஊளையிட ஆரம்பித்திருந்தது. ஸ்டீயரிங்கை விட்டால் தானாக இடது பக்கம் போனது. அன்று காலையில் வண்டி கழுவப் போன கணவர், சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, புதையல் கண்டவர் மாதிரி கூவினார். டயரின் வெளிப்பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளையின் கிராப்பு மாதிரி ஒழுங்காக இருந்தது. உள்பக்கம் முழு வழுக்கை. மற்ற மூன்றிலும் கோடுகள் இன்னும் இருந்தாலும், வயதாகி ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

"முன்னால இடது பக்கம் வெயிட் ஜாஸ்திலா. டயர் பாவம், என்ன பண்ணும்?" இதுதான் மேசையில் அவர் சொன்ன வாக்கியம்.

"என்னையா சொல்றே?" என்றார் அண்ணி.

"பொதுவா சொன்னேன்க்கா. பிசிக்ஸ்."

அண்ணி அப்பளத்தை உடைக்காமல் அப்படியே தட்டில் வைத்தார். கை கழுவினார். வாடகைக் கார் வரும்வரை வாசலில் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று நான் நாற்காலியைக் கொண்டுபோனபோது, "வேணாம்மா, நாற்காலி தேஞ்சிடும்" என்றார்.

இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. "இந்த வருஷம் நான் பால்குடம் தூக்கலம்மா. பஸ்ஸு அங்க போகாது. உங்க வண்டியில ஏறினா டயர் தேயும். சாமி கோவிச்சுக்கிட்டா உன் புருஷன்கிட்டப் பேசிக்கட்டும்."

அது ஏதோ வருஷா வருஷம் பொழுதுபோகாமல் தூக்குகிற குடம் இல்லை. பீடோர் பக்கத்தில் இவர்கள் பிறந்த தோட்டம் இருக்கிறது. கித்தா என்கிற ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இல்லை, மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. என் கணவர் வாலிபத்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து நினைவில்லாமல் கிடந்தபோது, தம்பி எழுந்துவிட்டால் என்னால் முடிகிறவரை வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறேன் என்று அண்ணி அந்த அம்மனிடம் வேண்டிக்கொண்டார். தம்பி எழுந்தார். எழுந்ததிலிருந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறார். அண்ணியும் ஒரு வருஷம் விடாமல் தூக்கிக்கொண்டிருக்கிறார். தம்பிக்காகத் தூக்குகிற குடத்தைத் தம்பியின் வாயே கவிழ்த்துவிட்டது. திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"ஏங்க, போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றேன்.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? உள்ளதைத்தானே சொன்னேன்."

"அப்ப டயர் கடையில கேப்போம். அவங்க உங்க அக்காதான்னு சொல்லிட்டா நான் இனிமே வாயே திறக்கல."

வாய் திறக்காத மனைவி என்றதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். ஆனால் கடைக்குப் போகுமுன் ஆராய்ச்சி செய்யவேண்டுமாம். அந்த வாரம் முழுக்க வீட்டில் டயர் பேச்சுத்தான். டயரின் பக்கத்தில் எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று நாலு இலக்கம் போட்டிருப்பார்கள் என்று கண்டுபிடித்தார். அதற்கு ஜாதகம் என்று பெயர் வைத்தார். பிறந்த வாரம் சரியில்லாத டயரை வீட்டுக்குள் விடமுடியாது என்றார். மகளுக்கு வரன் பார்த்தபோதுகூட இவர் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

அடுத்து எந்த ரகம் என்ற சண்டை. எனக்குச் சத்தம் போடாத, மழையில் வழுக்காத டயர் வேண்டும். ஈப்போவில் மழைக்கா பஞ்சம்? அவருக்கோ கட்டை கட்டையாகப் பல் வைத்த காட்டு டயர் வேண்டும்.

"எஸ்.யூ.வி.ன்னா அப்படித்தான் இருக்கணும். சேறு, கல்லு, எல்லாத்துலயும் ஏறும்."

"நான் ஏறுறது மார்க்கெட்டோட கார் பார்க்லதாங்க."

"தோட்டத்துக்குப் போற செம்மண் ரோடு?"

"அது வருஷத்துக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளுக்கும் இப்ப அண்ணி வரல."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் ஜாதகம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். தவுக்கே, அதாவது சீனக் கடை முதலாளி, பாவ் என்கிற ஆவி ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, அலைன்மென்ட் போச்சு, சக்கரம் நேராக நிற்கவில்லை என்று மலாயில் சொன்னார். எங்களுக்கு முன்னால் வந்தவரிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். என் கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. முன்னால் கனமான ஆள் உட்கார்ந்தால் இப்படி ஆகுமா என்று கேட்டார். தவுக்கே இவருடைய வயிற்றை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எங்க உட்காருவே?"

"பின்னால."

"அப்ப பின் டயர்தானே தேஞ்சிருக்கணும்."

நான் அலமாரியில் இருந்த கார் வாசனைப் புட்டிகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தேன். தவுக்கே மிச்ச ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டார். வண்டி பெரிய குழியில் எங்கேயாவது விழுந்ததா?

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. போன வருஷம் திருவிழா முடிந்து திரும்பும்போது, எஸ்.யூ.வி. என்றால் என்னவென்று காட்டுகிறேன் என்று சொல்லி என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டவர் அவர். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் தோண்டிவைத்த பள்ளத்தில் முன் இடது சக்கரத்தை இறக்கியவரும் அவர். என் கணவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அது முழுக்க முழுக்கச் சீன எழுத்து.

நாலு டயரையும் மாற்றினோம். அமைதியான ரகம்தான். நாலும் ஒரே வாரத்தில் பிறந்தவை என்பதால் அவருக்கும் ஒரு திருப்தி. சக்கரங்களை நேராக்கி, ஸ்டீயரிங்கைச் சரிசெய்து கொடுத்தார்கள். வரும் வழியில் வண்டி சத்தமே போடவில்லை. பழைய இடது டயரை மட்டும் கேட்டு வாங்கிப் பின்னால் போட்டிருந்தார்.

"அது எதுக்குங்க?"

"அக்காகிட்டக் காட்டணும். ஆதாரம் இல்லாம பேசக்கூடாதுலா."

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் பழம் கொண்டுபோவார்கள், பலகாரம் கொண்டுபோவார்கள். இவர் மறுநாள் காலை தஞ்சோங் ரம்புத்தானில் அக்கா வீட்டு வாசலில் டயரை உருட்டிக்கொண்டுபோய் நின்றார். புது வெள்ளைச் சட்டையில் கறுப்பாக வட்டம் விழுந்திருந்தது. அண்ணி இரும்புக் கதவைத் திறக்காமல் கம்பி வழியாகவே பார்த்தார்.

"இது என்னா?"

"டயர்க்கா. இதைப் பாருங்க, உள்பக்கம் மட்டும்தான் தேஞ்சிருக்கு. கனத்துல தேஞ்சா ரெண்டு ஓரமும் தேயணும்."

"அப்ப ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா நான்தான் காரணமா?"

நான் பின்னாலிருந்து அவர் இடுப்பில் கிள்ளினேன். மனிதர் டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"போன வருஷம் பள்ளத்துல விட்டது நான்தான்க்கா. அதனாலதான் தேஞ்சுச்சு."

"எனக்குத் தெரியும்லா. முன் சீட்டுல உட்கார்ந்து கூரையில தலையை இடிச்சுக்கிட்டவ நான்."

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். அண்ணி கதவைத் திறந்தார். எங்களுக்காக அல்ல, டயருக்காக. "இதை இங்க போட்டுட்டுப் போயிடாத. மழைத் தண்ணி தேங்கி டிங்கி கொசு வரும். நான்தான் அபராதம் கட்டணும்." சொல்லிவிட்டு, அதே மூச்சில் என்னைப் பார்த்துக் கேட்டார். "புது டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சீங்களா?"

வைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்த வண்டிக்கும் சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்குவது அண்ணியின் கை. வேறு யாரும் தொட்டதில்லை. அண்ணி இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பழம் வைக்காம கடையிலேர்ந்து வீட்டுக்கு வந்தீங்களா? வீட்டுலேர்ந்து இங்க வேற வந்தீங்களா?"

"எலுமிச்சை ஆசிட்க்கா. புது ரப்பருக்கு ஆகாதுன்னு படிச்சேன்" என்றார் என் கணவர்.

தோட்டத்தில் பிறந்து, கித்தாப் பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்த குடும்பத்தின் பிள்ளை பேசுகிற பேச்சு இது. அண்ணி உள்ளே போனார். ஐந்து பழத்தோடு வந்தார். ஸ்பேர் டயர்தான் பழத்தின் மேல் ஏறப்போவதில்லையே, அதற்கு எதற்கு என்று நான் கேட்டதற்கு, அதுக்கும் மனசு இருக்குமில்ல என்றார். அந்த ஐந்தாவது பழத்தை ஸ்பேர் டயரின் நடு ஓட்டையில் உட்காரவைத்தோம். மற்ற நான்கையும் நான் வண்டியை முன்னால் எடுத்து நசுக்கினேன். அண்ணி உள்ளே போனதும் என் கணவர் கைக்குட்டையை நனைத்து ஒவ்வொரு டயராகத் துடைத்தார். துடைத்ததை அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"திருவிழாவுக்கு எத்தனை மணிக்கு வாரீங்க?" என்று ஜன்னலிலிருந்தே கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ஆறு மணிக்கு வந்துவிடுகிறோம் என்றேன்.

திருவிழாவன்று முன் சீட்டுக் கதவை என் கணவரே திறந்துவிட்டார். அண்ணி மஞ்சள் சேலையில் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். பின்னால் முட்டி இடித்த சத்தம் கேட்டது. அவர் பூமாலையை மடியில் சரிசெய்துகொண்டார். செம்மண் ரோட்டில் அந்தப் பள்ளம் இன்னும் பெரிதாகியிருந்தது. நான் ஓரமாக ஒதுக்கி ஓட்டினேன்.

செம்பனைக்கு நடுவில் ஓடுகிற ஆற்றங்கரையில் குடம் நிரப்பி, அங்கிருந்து கோயில்வரை நடக்கவேண்டும். வெயில் ஏறிவிட்டது. மேளம் முன்னால் போய்விட்டது. அண்ணி முட்டி வலியோடு மெதுவாகத்தான் நடந்தார். கழற்றிப்போட்ட செருப்பு தொலையாமல் இருக்க, அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் கணவர் பக்கத்தில் நடந்தார். பாதி வழியில் அண்ணி நின்றார். குடத்திலிருந்து பால் தளும்பி நெற்றியில் வழிந்தது.

"கனமா இருக்காக்கா? நான் கொஞ்ச நேரம் தூக்கட்டுமா?"

அண்ணி தலையைத் திருப்பவில்லை. திருப்பவும் முடியாது.

"உன்னைத்தான்டா இத்தனை வருஷமா தலையில தூக்கிட்டு நடக்குறேன். நான் என்னைக்காவது கனம்னு சொன்னேனா?"

என் கணவர் அக்காவின் செருப்பை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, கோயில் வாசல்வரை அக்காவின் நடைக்கே நடந்து வந்தார்.