பறித்து வைத்த ஹெல்மெட்

போன கிழமை லவாலுக்குத் திரும்பும் மெற்றோவில் எனக்கு எதிரே இரண்டு மாணவர்கள் வந்து இருந்தார்கள். ஈரத் தலை, மடியில் பெரிய பை. கதவு மூடியதும் அந்த மணம் வந்தது. தசைப்பிடிப்புக்குப் பூசும் களிம்பும், வியர்வையும், காயாத விளையாட்டுச் சப்பாத்தும் கலந்த மணம். பக்கத்தில் இருந்த பெண்மணி மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். நானோ இறங்கவேண்டிய நிலையத்தையும் விட்டுவிட்டு அவர்களோடு கடைசி நிலையம்வரை போனேன். நீங்கள் சிரிக்கலாம்.

இருபத்தாறு வருடங்கள் அந்த மணத்துக்குள்தான் சீவித்தேன். மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளுக்கு நான் தலைமைச் சிகிச்சையாளனாக இருந்தேன். இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது பெரும்பாடு. டொக்டரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. ஆட்டத்துக்கு முன் கணுக்கால்களுக்குப் பட்டி சுற்றுவது, விழுந்தவனிடம் ஓடுவது, இன்றைக்கு யார் விளையாடலாம் யார் கூடாது என்று சொல்வது. "அப்ப நீர் காலுக்குக் கட்டுப் போடுறனீரோ?" என்று ஒரு கலியாண வீட்டில் ஒருவர் கேட்டார். "ஓம், நாற்பது சோடிக் கால்" என்றேன். பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

கலியாண வீடுகளுக்குப் போனதே குறைவு. தமிழர் கலியாணமும் சனிக்கிழமை, ஆட்டமும் சனிக்கிழமை. எத்தனை முறைதான் அழைப்பார்கள்? மெல்ல மெல்ல அழைப்பிதழ்களும் நின்றுபோயின. ஆனால் டொலார்டில் இருக்கும் அக்காவின் மகளுக்குக் கலியாணம் என்றபோது நானே முந்திக்கொண்டு சொன்னேன், "நவம்பர்தானே அக்கா, எங்கட அணி அதுக்கு முன்னமே தோத்திடும். பயப்பிடாதை." அந்த வருடம் பார்த்துத்தான் அவர்கள் வெல்லத் தொடங்கினார்கள்.

காரணம் எமானுவேல். செயின்ட்-மிஷேலில் வளர்ந்த ஹெயிட்டிக்காரப் பிள்ளை. விளையாட்டு இந்த ஊர்க் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மோதி விழுத்துவதும்தான். பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதில் பந்தோடு வேலை குறைவு. எமானுவேல் ஓடினால் யாராலும் பிடிக்கமுடியாது. காலையில் முதல் ஆளாக வந்து என் மேசையில் ஏறி இருப்பான். ஒரு கணுக்காலைச் சுற்றி முடிப்பதற்குள் பரீட்சை, காதல், அம்மாவின் முழங்கால் வலி எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். என்னை 'டொக்' என்று கூப்பிடுவான். டொக்டர் இல்லையடா என்று ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன்.

அரையிறுதி ஆட்டம் கியூபெக் நகரத்தில், சரியாகக் கலியாணத்தன்று. என் உதவியாளரை அனுப்பியிருக்கலாம். அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் என்று காரணம் சொன்னேன். அந்த ஆட்டத்தைப் பார்க்க எனக்கே ஆசை, அதுதான் உண்மை. தொலைபேசியில் அக்கா, "தாய்மாமன் இல்லாமலோ?" என்றாள். பிறகு அவளே சொன்னாள், "சரி, போ."

இடைவேளைக்குச் சற்று முன்னர் எமானுவேலை இரண்டு பேர் ஒன்றாக மோதினார்கள். விழுந்தான், எழுந்தான், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். சனம் கைதட்டியது. பிறகு அவன் எதிரணியின் பக்கமாக நாலைந்து அடி நடந்துவிட்டுத் திரும்பினான். அதை நான் மட்டும்தான் கண்டேன். கூப்பிட்டு இருத்தி, தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். "டிசம்பர், நவம்பர், ஒக்ரோபர்..." சிரித்தான். "பிறகு என்ன, டொக்?" என்று என்னையே கேட்டான்.

அவன் ஹெல்மெட்டை எடுத்து என் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். எங்கள் தொழிலில் அது பழைய வழி. வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள், கண்ணயர்ந்தால் உள்ளே ஓடிவிடுவார்கள். ஹெல்மெட் இல்லாமல் யாரும் இறங்கமுடியாது.

பயிற்சியாளர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் தோற்கத் தெரியாது. பேச்செல்லாம் பிரெஞ்சில்தான் நடந்தது, என் நினைவில் அது எப்போதும் எங்கள் தமிழில்தான் கேட்கிறது.

"மேல இருக்கிற ஆக்களைப் பாத்தனியோ? பெரிய அணிகளில இருந்து இவனைப் பாக்கத்தான் வந்திருக்கினம். ஹெல்மெட்டைத் தா."

"தரமாட்டன்."

"இவன்ர வாழ்க்கையடா!"

"அதுக்காகத்தான்."

மூன்று புள்ளியில் தோற்றோம். அணியின் டொக்டர் எமானுவேலைப் பார்த்துவிட்டு மூளை அதிர்ச்சிதான் என்றார். அவர் அதைச் சொல்லும்போது யாரும் கேட்கிற நிலையில் இல்லை. பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்தேன். எமானுவேல் ஏறும்போது என் பக்கம் குனிந்து, "நீ என்னட்டைக் களவெடுத்திட்டாய்" என்றான். 'டொக்' என்று சொல்லவில்லை. மூன்று மணி நேரப் பயணத்தில் அதுதான் எனக்குக் கிடைத்த கடைசி வார்த்தை. நடுவழியில் தொலைபேசியில் கலியாணப் படங்கள் வந்தன. எல்லாரும் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை டொலார்டுக்குப் போனேன். அக்கா மிஞ்சிய பலகாரத்தைத் தட்டில் வைத்தாள். "உன்னைக் கேட்டவைக்கு, ஆஸ்பத்திரியில அவசரம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள். திட்டியிருக்கலாம். எனக்காகப் பொய் சொன்னது அதைவிட நோகடித்தது.

வசந்தத்தில் எந்தத் தொழில்முறை அணியும் எமானுவேலை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் என் அறைக்கு வரவே இல்லை. மற்றப் பிள்ளைகளும் காலை நீட்டுவார்கள், வாய் திறக்கமாட்டார்கள். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரிடம் காட்டுவது? நடக்காத ஒன்றுக்குப் படம் இல்லை, சாட்சி இல்லை.

பத்துப் பதினோரு வருடங்களுக்குப் பிறகு செயின்ட்-மிஷேலில் ஒரு டெப்பனரில், அதுதான் இந்த ஊர் மூலைக்கடையில், பால் வாங்க நுழைந்தேன். "டொக்!" என்று ஒரு குரல். சற்றுப் பருத்திருந்தான். கையில் ஒரு சின்னப் பெண் குழந்தை. ஆரம்பப் பள்ளியில் படிப்பிக்கிறானாம். எத்தனையோ தரம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த கேள்வி தானாக வந்துவிட்டது: "என்னில இன்னும் கோவமோ?"

அவன் யோசித்தான். "உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த ஆட்டமே ஞாபகமில்லை, டொக். காலமை பஸ் ஏறினது தெரியும். அடுத்த நாள் அம்மா சூப் தந்தது தெரியும். நடுவில ஒண்டுமில்லை. மற்றவை சொன்னதைக் கேட்டுத்தான் கோவிச்சனான்."

"பஸ்ஸில என்னட்டைச் சொன்னது?"

"என்ன சொன்னனான்?"

குழந்தை என் தொப்பியை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. "ஒண்டுமில்லை" என்றேன். பஸ்ஸில் கேட்ட அந்த ஒரு வசனத்தோடு நான் பதினோரு வருடம் படுத்து எழும்பியிருக்கிறேன். சொன்னவனிடம் அது இருக்கவே இல்லை. நான் சரி என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து பாலைக் குளிர்பெட்டியில் வைத்தபோது, அந்த நாளை முழுதாக வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று தோன்றியது.

இப்போது அது இன்னும் உண்மையாகிவிட்டது. பயிற்சியாளர் செத்துப்போனார். அக்கா ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு. நான் ஓய்வுபெற்றதும், நிலத்தடியில் இருந்த என் சிகிச்சை அறையை இடித்து வண்டித் தரிப்பிடத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஒருவன் மைதானத்தில் விழுந்ததும் ஆயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்புவார்களே, அந்த ஒரு கணமும் போய்விட்டது. அப்போதெல்லாம் நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் வாசற்படியில் பனி உறைந்திருந்தது. சறுக்கி விழுந்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. பழக்கதோஷத்தில் "எங்க நோகுது?" என்று நானே சத்தமாகக் கேட்டேன். கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். முறிவில்லை, சுளுக்குத்தான். கைப்பிடியைப் பற்றி எழுந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.