ஹால் டிக்கெட் வாங்கப் போன நாள்

அன்று வண்டியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். சலூன் கட்டடத்துப் பெண். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் குடியிருக்கும் உயரமான பையன். ரொட்டிக்கடைக்கு மேல் வீட்டுப் பையன், ஏறினதும் தூங்கிவிடுவான். கடற்கரை ரோட்டில் ஒரே கட்டடத்தில் இருந்து ஒரு மலையாளிப் பெண், ஒரு மலையாளிப் பையன். கடைசியாக மருந்துக்கடைச் சந்தில் இருந்து நர்ஸின் மகள். ஓட்டியவர் பெஷாவர்க்காரர், பாய் என்போம். பிறகு நான்.

பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. குவைத்தில், மங்காஃப் பக்கம். ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. படிப்பு எட்டாவது. பிள்ளைகளின் பெயர் எனக்கு மனதில் நிற்காது. கட்டடம் நிற்கும்.

வண்டி கிளம்புவதற்கு முன் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கித்னா?" என்பார். எத்தனை பேர் என்று கேட்கிறார். நான் முன்சீட்டில் இருந்து கடைசி சீட்டு வரை நடந்து, ஒவ்வொரு தலையாக எண்ணிச் சொல்வேன். சொன்ன பிறகுதான் பிரேக்கை எடுப்பார். முன்பு அவர் வேலை பார்த்த இடத்தில், வேறொருவர் வண்டியில், ஒரு சின்னப் பிள்ளை தூங்கிப்போய் உள்ளேயே இருந்துவிட்டது. கோடைக்காலம். அதைப் பற்றி அவர் ஒரு தடவைதான் சொன்னார். அதன் பிறகு சொன்னதில்லை. கித்னா என்று கேட்பதோடு சரி.

அந்த மாதம் சண்டை நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் யாருக்கும், எதற்காக என்று எனக்கு விவரமாகத் தெரியாது. வானத்தில் ராக்கெட் வரும். மேலேயே வைத்து அடிப்பார்கள். சில சமயம் துண்டுகள் கீழே விழும். சைரன் விட்டு விட்டு வந்தால் ஆபத்து. ஒரே இழுப்பாக நீளமாக வந்தால் முடிந்தது. இதை மட்டும் கற்றுக்கொண்டேன். முதல் சைரனில் இருந்து நான் செருப்போடுதான் படுத்தேன். அறையில் இருந்த மற்ற பெண்கள் சிரித்தார்கள். இரண்டாம் சைரனுக்குப் பிறகு அவர்களும் செருப்போடு படுத்தார்கள்.

பள்ளிக்கூடம் மூடியிருந்தது. பாடமெல்லாம் வீட்டில், லேப்டாப்பில். பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் பரீட்சை உண்டு என்றார்கள். ஹால் டிக்கெட் வாங்க ஒரே ஒரு நாள் வரச் சொன்னார்கள். வாங்கினதும் திரும்பிவிட வேண்டும். பிரிவு விழா கிடையாது, கூட்டம் கூடாது, போட்டோ கூடாது.

பிள்ளைகள் விழாவுக்கு உடுத்திக்கொண்டுதான் வந்தார்கள்.

சலூன் கட்டடத்துப் பெண் நீலப் புடவை. மலையாளிப் பெண் வெள்ளையில் கசவுக் கரை. உயரமான பையன் அப்பாவின் கோட்டைப் போட்டிருந்தான், கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. ரொட்டிக்கடைப் பையன் டை கட்டியபடியே தூங்கினான்.

"என்ன மக்ளே இது, கல்யாண வீடா?" என்றேன்.

"ஆன்ட்டி, ஸ்கூல்ல ஃபேர்வெல் வைக்கலன்னா பஸ்ல வைப்போம்" என்றாள் சலூன் கட்டடத்துப் பெண். அவள்தான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. ஒரு பையைத் திறந்து காட்டினாள். உள்ளே சிவப்பு சாட்டின் துணியை அகலமாக நறுக்கி, வெள்ளைப் பெயின்டில் எழுதி வைத்திருந்தாள். தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ள. வருஷா வருஷம் கடைசி வகுப்பில் இதைச் செய்வார்கள். யார் எதில் முதல் என்று ஓட்டுப் போட்டு ஆளுக்கொரு பட்டம். பெரிய வாய். தூங்குமூஞ்சி. சிரித்தால் நிறுத்தாதவள். கேன்டீன் கடன்காரன். இந்த வருஷம் போனிலேயே ஓட்டுப் போட்டார்களாம். திரும்பி வரும்போது கொடுப்பதாகத் திட்டம்.

நர்ஸின் மகளுக்கு என்ன பட்டம் என்று கேட்கவே வேண்டாம். அன்றும் சந்து முனையில் வண்டி நின்றுகொண்டே இருந்தது. பாய் ஹாரனில் கை வைத்தார். உயரமான பையன் சன்னலில் தலையை நீட்டி, "அடியே, சண்ட முடிஞ்சப்புறமாவது வருவியா?" என்று கத்தினான்.

அவள் வந்தாள். பச்சைப் பட்டு. இரண்டு கையாலும் புடவையை வாரிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "லேட்டாயிடுச்சு, சாரி" என்றாள். தினமும் சொல்வதுதான். பட்டு அவள் அம்மாவுடையது. அம்மா இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்து வரவில்லை, ஆள் பற்றாமல் விடவில்லை. அப்பா ஊரில். இவள் போனில் பார்த்துத் தானே உடுத்தியிருக்கிறாள். கண்ட இடமெல்லாம் ஊக்கு.

"எத்தன பின்னு குத்தியிருக்க?"

"வீட்ல இருந்ததெல்லாம், ஆன்ட்டி."

கொசுவம் ஒரு பக்கமாகத் தொங்கியது. அதைச் சரிசெய்துவிட நினைத்தேன். பாய் "கித்னா?" என்றார். எண்ணப் போய்விட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஹால் டிக்கெட் இரண்டாம் மாடியில் கொடுத்தார்கள். ஒரு டீச்சர் இவர்களைப் பார்த்தார். போட்டோ கூடாது என்று அறிவித்தவர் அவர்தான். அவரே தன் போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, சீக்கிரம் போங்கள் என்று சொல்லித் திரும்பிக்கொண்டார்.

ஐந்து பேர் இறங்கி வந்து வண்டியில் உட்கார்ந்தார்கள். நான் படியில் நின்று ஆறாவது ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சைரன் வந்தது. விட்டு விட்டு.

எகிப்துக்காரக் காவலாளி கைகளை வீசிக்கொண்டு ஓடிவந்தார். "யல்லா, யல்லா!" சீக்கிரம் என்று கத்தி, கீழே கை காட்டினார். பள்ளிக்கூடத்துக்கு அடியில் வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறது. பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். புடவைக்காரிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பாய் தூங்குகிறவனின் டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நான் கடைசி சீட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு இறங்கினேன். யாரும் இல்லை.

நர்ஸின் மகள் மாடியில் இருந்தே கீழே போயிருப்பாள் என்று நினைத்தேன். கீழே ஏற்கெனவே வேறு வண்டிப் பிள்ளைகளும் இரண்டு டீச்சர்களும் இருந்தார்கள். என் பிள்ளைகளை ஒரு தூணுக்கு அடியில் சேர்த்து உட்கார வைத்தேன். பாய் என்னைப் பார்த்தார்.

"கித்னா?"

"பாஞ்ச்" என்றேன். ஐந்து.

அவர் முகம் மாறியது.

"அவ எங்க?" என்றேன் பிள்ளைகளிடம்.

"நம்ம பின்னாடிதான் வந்தா." "இல்ல, படியில நின்னா." "பாத்ரூம் போறேன்னா, ஆன்ட்டி." ஆளுக்கொன்று சொன்னார்கள். சலூன் கட்டடத்துப் பெண் போனைக் காதில் வைத்திருந்தாள். "கால் போகல. நெட்வொர்க்கே இல்ல" என்றாள். அவள் மடியில் அந்தப் பை.

காவலாளி இரும்புக் கதவைச் சாத்திவிட்டார். நான் போய்த் திறக்கச் சொன்னேன். "மாஃபி, மாஃபி" என்றார். முடியாது என்று. சைரன் முடியட்டும் என்று கையால் காட்டினார். ஒரு டீச்சரும் அதையே சொன்னார். பாய் எழுந்து வந்தார். அவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. கதவின் மேல் கை வைத்து, "ஏக் பச்சி ஊப்பர் ஹை" என்றார். ஒரு குழந்தை மேலே இருக்கிறது. காவலாளிக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் திறந்தார்.

தைரியமாகப் போனேன் என்று நினைக்க வேண்டாம். படியேறும்போது ஜெபம் சொல்லப் பார்த்தேன். பழகின ஜெபம், நடுவில் ஒரு வரி வரவில்லை. முதலில் இருந்து தொடங்கினேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். காற்று வரப்போவது முகத்தில் தெரியும் என்பார். இது எதிலும் தெரிவதில்லை. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. நடைபாதைச் சுவரில் சின்னப் பிள்ளைகள் வரைந்த படங்கள் ஒட்டியிருந்தன.

இரண்டாம் மாடி. வகுப்பறைகள் பூட்டியிருந்தன. பெண்கள் கழிப்பறையில் ஒரு கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"மக்ளே."

மூச்சு மட்டும் கேட்டது.

"நாந்தான் மக்ளே. பஸ் ஆன்ட்டி."

"ஆன்ட்டி, உள்ள வராதீங்க."

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"புடவை அவுந்துடுச்சு" என்றாள்.

படியில் இறங்கும்போது குதிகால் செருப்பு மாட்டி, கொசுவம் முழுதும் வந்துவிட்டது. வாரிக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள். போனில் பார்த்து உடுத்தலாம் என்றால் நெட் இல்லை. அதற்குள் சைரன்.

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"சுருட்டிப் பிடிச்சிட்டு வா. யாரு பாக்கப்போறா?"

"பாவாடையோட எப்படி வர்றது ஆன்ட்டி? பசங்கல்லாம் இருக்காங்க. அந்த நெட்டையன் போட்டோ எடுத்துருவான்."

அப்போது முதல் சத்தம். இடி மாதிரி இல்லை. நெஞ்சுக்குள் ஒரு குத்து, பிறகுதான் காதில். சன்னல் கண்ணாடி தானாகக் கடகடத்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது. உள்ளே அவள் "அம்மா, அம்மா" என்றுகொண்டிருந்தாள்.

"கதவத் தொற மக்ளே."

"நீங்க போங்க ஆன்ட்டி. நான் அப்புறமா வரேன்."

"நான் போவேன். கீழ பாய் கித்னான்னு கேப்பாரு. என்னத்தச் சொல்ல? சொல்லு, அதச் சொல்லுதேன்."

தாழ்ப்பாள் நகர்ந்தது.

மை கன்னம் வரை வழிந்திருந்தது. பச்சைப் பட்டு முழுதும் ஒரு கையில் மூட்டையாக. இன்னொரு கையில் ஹால் டிக்கெட், வியர்வையில் சுருண்டு. அப்படியே இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் மூட்டையைப் பிடித்தபடி அவளால் படி இறங்க முடியாது, மறுபடியும் விழுவாள். நான் அவளைச் சுவரோடு நிறுத்தி உடுத்திவிடத் தொடங்கினேன்.

பட்டு வழுக்கியது. கொசுவம் பிடிக்கப் பிடிக்க விரலில் இருந்து நழுவியது. சத்தமாக எண்ணினேன். என் குரலாவது கேட்கட்டும் என்று. ஒண்ணு. ரெண்டு. மூணு. அவளும் கூடச் சேர்ந்து எண்ணினாள். அடுத்த சத்தம் இன்னும் பக்கத்தில். விளக்கு அணைந்தது. கையில் இருந்ததெல்லாம் கீழே போனது.

"மறுபடியும் ஃபர்ஸ்ட்ல இருந்தா?" என்றாள். அழுதுகொண்டேதான் கேட்டாள்.

"பின்ன?"

"எனக்கு கொஞ்சம் ப்ளீட்ஸ் போதும், ஆன்ட்டி. குண்டாத் தெரிஞ்சாலும் பரவால்ல."

அகலமாக, ஏதோ வந்தமட்டுக்கும் மடித்துச் செருகினேன். ஊக்கு என் விரலில் ஏறியது. ரத்தம் பட்டில் படாமல் இருக்க என் சுடிதாரில் துடைத்தேன். முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டேன். மீன் விற்கப் போகிற பெண்கள் கட்டுகிற மாதிரி. செருப்பைக் கழற்றச் சொன்னேன். படியில் அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

இரும்புக் கதவு திறந்தே இருந்தது. பாய் கதவுக்கு நடுவில் நின்றிருந்தார். காவலாளி அவருக்குப் பின்னால் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாய் விலகி வழிவிட்டார்.

தூணுக்கு அடியில் ஐந்து பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். உயரமான பையன் கோட்டைக் கழற்றி, இரண்டு பெண்களின் தலைக்கு மேல் பிடித்திருந்தான். கோட்டு எதைத் தடுக்கும் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. தூங்குகிறவன் விழித்திருந்தான். மூன்று வருஷமாக அந்த வண்டியில் போகிறேன், அவன் கண்ணை அவ்வளவு அகலமாக அன்றுதான் பார்த்தேன்.

நர்ஸின் மகள் அவர்கள் முன்னால் நின்றாள்.

"லேட்டாயிடுச்சு, சாரி."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். மலையாளிப் பெண்ணுக்கு நிற்கவே இல்லை. சிரித்து, அதுவே அழுகையாகி, பிறகும் நிற்கவில்லை. ஒரு டீச்சர் அதட்டினார்.

சலூன் கட்டடத்துப் பெண் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். இவள் பார்த்துவிட்டாள்.

"எனக்கு என்ன டைட்டில்?"

"இன்னும் டிசைட் பண்ணல."

"பொய் சொல்லாத. குடு."

எடுத்துக் கொடுத்தாள். எப்பவும் லேட் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம். அவள் அதைப் போட்டுக்கொண்டாள். பட்டுக்கு மேல், நான் போட்ட முடிச்சுக்கு மேல். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். மேலே சத்தம் கேட்கும்போதெல்லாம் நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு, அடங்கியதும் அடுத்த பட்டத்தை வாசித்தார்கள். கை தட்டவில்லை. எனக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். கவுன்ட்டிங் குயின். நான் அதைத் தோளில் போடவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

நர்ஸின் மகள் தன் போனைப் பார்த்தபடியே இருந்தாள். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் தெரியும். சத்தம் அந்தப் பக்கத்தில் இருந்துதான் வந்தது என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. கடைசியில் நெட்வொர்க் திரும்பி, ஒரு செய்தி வந்தது. அவள் வாசித்துவிட்டு என்னிடம் காட்டினாள். தமிழில்தான் இருந்தது. அம்மா எழுதியிருந்தார்: புடவை உடுத்தினியா?

நீளமான சைரன் வந்தது. மேலே போனோம். தெற்கே, கடல் பக்கம், கறுப்பாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. படியில் ஏற எல்லோருக்கும் பயமாக இருந்தது. தகரக் கூரைதானே. பாய் முதலில் ஏறி உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். வழக்கமான சீட்டில் யாரும் உட்காரவில்லை. முன்னால் ஒரே கூட்டமாக நெருக்கிக்கொண்டார்கள்.

பாய் கண்ணாடியில் பார்த்தார்.

"கித்னா?"

நான் கடைசி சீட்டு வரை நடந்தேன். அங்கே யாரும் இல்லை என்று தெரியும், ஆனாலும் நடந்தேன். திரும்பி வந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். சொல்வதற்குள் சரியாக எண்ணினேனா என்று சந்தேகம் வந்தது. பாய் பிரேக்கை எடுக்காமல் காத்திருந்தார். மறுபடியும் முதலில் இருந்து தொட்டு எண்ணினேன்.

ஆறு.