கேதார் வழியில் பனி சரிந்த காலை

அடுத்த மே மாதம் கேதாரம் போகிறோம், என்னென்ன எடுத்துப் போகலாம் என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். ஸ்வெட்டர் எல்லாம் அப்புறம். முதலில் 1974-இல் நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்கு இரண்டு தறி. ஏகாம்பரநாதரைத் தினம் பார்க்கிற என் மனைவி அலமேலுவுக்குக் கேதாரநாதரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். மே மாதம் நடை திறந்ததுமே கிளம்பிவிட்டோம். ரயிலில் டில்லி, பிறகு ரிஷிகேசம், அங்கிருந்து பஸ்ஸில் சோன்பிரயாகை. அதற்கு மேல் நடைதான்: கௌரிகுண்டம் ஐந்து கிலோமீட்டர், ராம்பாரா இன்னும் ஏழு, கேதாரம் மேலும் ஏழு. (இப்போது பாதையே வேறு. இந்தக் கணக்கை நம்பிப் போகாதீர்கள்.)

ராம்பாராவில் தங்கிய அன்று பிற்பகல் முழுக்கப் புதுப்பனி கொட்டியது. வழிகாட்டி தேவ் சிங், நாளுக்கு எட்டு ரூபாய் கூலி, மறுநாள் நாலரைக்கே புறப்பட வேண்டும் என்றார். வெயில் ஏறினால் மேலே பனி இளகி, மலைச்சரிவிலுள்ள பள்ளங்கள் வழியாகச் சரிந்து வருமாம். சூரத் ஜரிகைக்காரர்களோடு பேசிப் பேசி எனக்குக் கொஞ்சம் இந்தி வரும். அலமேலுவுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

நாம் கேட்போமா? குளிக்காமல் சாமியிடம் போவதாவது! வெந்நீர் வைத்து, குளித்து, திருநீறு பூசி, பொங்கல் வைத்துச் சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி ஒன்பது. வெயில் ஏறினால் நூல் கெட்டுவிடும் என்று விடியுமுன் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டுகிறவன் நான். எனக்கா வெயிலைப் பற்றித் தெரியாது? மடையன்.

இரண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு பள்ளம், குறுக்கே அறுபது அடி இருக்கும். தேவ் சிங் மேலே பார்த்தார், திரும்பிவிடலாம் என்றார். நான்தான் கெஞ்சினேன். கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது, இக்கரையில் இருப்பவன் போகிறவர் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பனி மூடினால் எந்த இடத்தில் மூடியது என்று காட்ட ஒருவன் வெளியே இருக்க வேண்டுமாம். சொல்லிவிட்டு அவர் முதலில் கடந்தார்.

கருட சேவைக் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க, என் துண்டு நுனியை அவள் முந்தானையில் முடிந்துகொள்வது எங்கள் வழக்கம். இங்கேயும் அலமேலு முடிச்சுப் போட்டுவிட்டாள். என் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குதுங்க. கைய உடாதீங்க."

முடிச்சை அவிழ்த்தேன். "நீ மொதல்ல போம்மா. நிக்காம போ, நான் பின்னாடி வரேன்."

பயந்துவிடுவாளே என்று காரணத்தைச் சொல்லவில்லை.

பாதி தூரம் போயிருப்பாள். மேலே 'தொம்' என்று ஒரு சத்தம். ஐயோ, அதற்குப் பிறகு அவள் அங்கே இல்லை! சிவப்புப் புடவை இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அலறினேன், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. ஒரு கரும்பாறைக்குச் சற்றுக் கீழே அவள் மறைந்ததைப் பார்த்திருந்தேன். அதைக் காட்டிக் கத்தினேன். தேவ் சிங் இன்னும் வருகிறதா என்று மேலே ஒருமுறை பார்த்துவிட்டு ஓடிவந்து தடியால் குத்திப் பார்த்தார். அவர் கையாலும் நான் பித்தளைச் சொம்பாலும் தோண்டினோம். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். முந்தானை தெரிந்தது, பிறகு நீலம் பாய்ந்த முகம். வாயிலிருந்த பனியை வழித்தெடுத்ததும் இருமினாள். எனக்கு உயிர் வந்தது.

கேதாரம் பார்க்கவில்லை, ராம்பாராவுக்கே திரும்பினோம்.

போகிறவர்களே, புதுப்பனி விழுந்தால் ஒன்றிரண்டு நாள் இருந்த இடத்திலேயே இருங்கள். பள்ளங்களை வெயிலுக்கு முன் தாண்டுங்கள். வழிகாட்டி வேண்டாம் என்றால் கெஞ்சாதீர்கள். சேர்ந்து நடக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் தனியாக அனுப்புகிறீர்கள் என்று கூட வருபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்று சாயங்காலம் கம்பளிக்குள் உட்காரவைத்து அலமேலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டினாள். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்.

"பனிக்குள்ள இருக்கசொல்ல, சரியும்னு தெரிஞ்சேதான் நீங்க என்ன மொதல்ல அனுப்பிட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேங்க."