அடுத்த வீட்டு ஜெபமாலை

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுக்காரரும் என் கணவரும் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். என் கணவர் வந்ததும் செல்போனோடு படுத்துவிடுவார். அவரோ குளித்துவிட்டு, மனைவியையும் இரண்டு பெண்களையும் மாதா படத்தின் முன் உட்காரவைத்து ஜெபமாலை சொல்வார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்கும். எரிச்சலில் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன்.

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனது. அதிலிருந்து தினமும் வேலைக்குப் போகுமுன் அவர்தான் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். பின்னல் கோணலாக இருக்கும். சரியாகப் பின்னிவிட நான் போயிருக்கலாம், ஒருநாளும் போகவில்லை. 'பொண்டாட்டிதாசன்' என்று தெருவில் மற்ற பெண்களோடு சேர்ந்து சிரித்தேன்.

போன வருடம் மாரடைப்பில் அவர் இறந்தார். பங்குக் கோயிலில் அடக்கப் பூசை முடிந்ததும் மகள்கள் இருபுறமும் தாங்க, அவள் கதறி அழுதாள். இப்படி அழுவதற்கு அவளுக்கு ஒரு மனிதர் இருந்தாரே என்று அப்போதும் பொறாமைதான் வந்தது.

சில வாரம் கழித்து அதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா," என்றாள். "அவருக்கும் தெரியும். தெனம் ஜெபத்துல உன்ன நெனச்சிக்கினுதான் இருந்தாரு."

வெட்கத்தில் தலை குனிந்தேன். ஆனால் பொறாமை குறையவில்லை.