பாதியில் எடுத்த ஊசி

அறுபதுகளில் நாங்கள் கடல் தாண்டி, தீவில் ஷாதிபூர் என்ற இடத்தில் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுக்காரரின் மேலதிகாரி எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார். வங்காளி. கல்கத்தாக் கப்பலில் அவருக்குப் புது இசைத்தட்டு வந்திருந்தது. ஓபரா பாடும் ஓர் இத்தாலிக்காரர். அந்த உச்சக் குரலுக்கு டெனர் என்று பெயராம். நான் கும்பகோணத்தில் சிறுவயது முதல் பாட்டுக் கற்றவள். அந்த மண்டைக்கனத்தோடுதான் போய் உட்கார்ந்தேன்.

கமகம் இல்லை. தாளத்தைத் தொடையில் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. பிறகு அந்த மனிதர் மேலே ஏறினார். அடிவயிற்றிலிருந்து ஒரே மூச்சு. உச்சியில் போய்க் கத்தப்போகிறார் என்று காத்திருந்தால், அங்கேயே நின்று குரலை இழை இழையாகக் குறைத்தார். அறுந்துவிடுமோ என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அறவில்லை. அழுகையை விழுங்கிவிட்டுப் பேசுகிறவனின் குரல் அது. பாஷை தெரியாமலே எனக்குக் கண் நிறைந்தது.

கச்சேரி கேட்டு வளர்ந்த நாக்கு சும்மா இருக்குமா? தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி 'ச்சு ச்சு' என்றுவிட்டேன். எங்கள் ஊரில் பாடகருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

அதிகாரி எழுந்து ஊசியைத் தூக்கிவிட்டார்.

"பசந்த் நஹீ ஆயா?" பிடிக்கவில்லையா என்று அவர் மனைவி கேட்டார். என்னிடம் இருந்தது மீன் பேரம் பேசுகிற ஹிந்தி. அதை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல? காது மடல்வரை சுட்டது. அதற்குள் என் வீட்டுக்காரர், இவளுக்கு இதெல்லாம் புரியாது என்று மன்னிப்புக் கேட்டார். அந்தக் கூடத்திலேயே என் மானம் கப்பலேறியது.

திரும்பி வரும் வழியில், "பிடிக்கலன்னா சும்மா இருக்கக் கூடாதா?" என்றார்.

"பிடிச்சுப்போய்த்தாங்க அப்படிப் பண்ணேன். மீதியக் கேக்கணும்."

இதை ஆபீசில் போய் எப்படிச் சொல்வது என்று முனகிக்கொண்டே முன்னால் நடந்தார். சொல்லவும் இல்லை.

மறுமாதம் மறுபடி அழைப்பு. எப்படியாவது மீதியைக் கேட்டுவிட வேண்டும் என்று முந்தானையால் வாயைப் பொத்தி, தலையை அசைக்காமல் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் எனக்கென்றே தேடிவைத்திருந்த ஒரு ஹிந்தி பஜனையைப் போட்டார். சுருதி விலகிய பஜனை. அலமாரியில் இத்தாலிக்காரரின் உறை கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் போடுங்கள் என்று கைகாட்டக்கூட வெட்கம் விடவில்லை. கல்லாக இருந்தேன்.

பாட்டு முடிந்ததும், இது இவளுக்குப் பிடித்திருக்கிறது பாருங்கள் என்று அந்த அம்மாள் தன் கணவரிடம் பூரித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தபடி அதையே முதலிலிருந்து போட்டார்.