ஏழுமலையின் வயலில் பேஸ்போல்

இந்தப் பக்கத்தில் யாரிடமாவது கிரவுண்ட் வேண்டும் என்று கேட்டால், கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப்போய் வீட்டு மனையைக் காட்டுகிறார்கள். படப்பையில் தேநீர்க் கடைக்காரர் சொல்லி வந்த தரகர் என்னிடம், "அரை கிரவுண்டா, முழு கிரவுண்டாம்மா?" என்று கேட்டார். விளையாடுவதற்கு என்றேன். "அதாம்மா, புள்ளைங்க வெளாட எடம் வுட்டுதான் வூடு கட்டணும்" என்று அவர் ஆமோதித்தார். நாற்பதுக்கு அறுபது அடி, நான்கு மூலையிலும் வெள்ளைக் கல். பேஸ்போலில் ஓடித் தொட வேண்டிய ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு உள்ள தூரமே அதற்குள் அடங்காது.

நாங்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து சண்டைக்குத் தப்பி வந்தவர்கள், படப்பையிலும் ஒரகடத்திலும் வாடகை அறைகளில் இருப்பவர்கள். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மின்கம்பிச் சுருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். என் அறையில் இருக்கும் றஜனி அங்கேயே பொதி கட்டும் பிரிவில் இருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம். எப்போதோ வந்துபோன அமெரிக்க மிஷன் டீச்சர் ஒருவர் விட்டுச்சென்ற விளையாட்டு அங்கே பேஸ்போல். உயரத்தில் வரும் பந்துக்கு இரண்டு பேர் ஓடினால் முட்டிக்கொள்வார்கள் என்பதால், பிடிக்கப்போகிறவள் பந்து தன்னுடையது என்று "என்ர!" எனக் கத்த வேண்டும். றஜனி கத்தினால் பள்ளி அதிபரின் அறையில் கேட்கும். இப்போது அவளுடைய அண்ணனைப் பற்றி ஒரு வருடமாகத் தகவல் இல்லை. வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், கேட்டதற்குத் தலையாட்டுகிறாள். ஒரு ஞாயிறு பின்னேரமாவது அவள் வாய்விட்டுக் கத்த ஓர் இடம் வேண்டும். நான் மைதானம் தேடியது அதற்காகத்தான்.

தேடிய இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். வல்லம் பக்கத்துப் பள்ளிக்கூடத் திடலுக்கு, மேலிடத்துக் கடிதம் கொண்டு வரச் சொன்னார்கள். வற்றிய ஏரி முழுவதும் ஊர்ப் பையன்களின் கிரிக்கெட். அவர்களே மூன்று கூட்டமாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது, தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த வெற்று நிலம். மே மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று காவலாளி தாழ்ந்த குரலில் சொன்னார். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த முன்னாள் பிரதமரின் கொலையைப் பற்றி உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. அதன் பிறகு எங்கள் பேச்சைக் கேட்டதும் ஆட்கள் ஓரடி தள்ளி நிற்கிறார்கள். நாங்கள் ஒளிந்திருப்பவர்கள் அல்லர். காவல் நிலையத்தில் பெயர் பதிந்தவர்கள். என்றாலும் பன்னிரண்டு பேர் ஓரிடத்தில் கூடினால் ஏன் என்று கேட்பார்கள்.

வடக்குப்பட்டில் ஏழுமலையின் வயல் அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்தது. நடுவில் வரப்பில்லாத ஒரே கட்டு நிலம். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"சிலோனாம்மா?"

"ஓம் ஐயா."

"வெளாடுங்க. மழ வர்ற வரைக்கும் சும்மாதான கீது."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஐயா, ஞாயிறு பின்னேரங்களில நாங்கள் இதில விளையாடலாம் எண்டு ஒரு துண்டு எழுதித் தருவீங்களோ?" என்றேன். ஊரில் எங்கள் பள்ளி மைதானத்துக்கே அதிபரின் கையெழுத்து வேண்டும். இங்கே எங்களுக்குக் காகிதம்தான் உயிர். அறை எடுக்க, வேலைக்குச் சேர, பக்கத்து ஊருக்குப் போய்வர, எல்லாவற்றுக்கும் ஒன்று காட்ட வேண்டும்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது.

"எழுத்தா? எங்கப்பா இப்டிதாம்மா ஒருத்தனுக்கு எழுதிக் குடுத்தாரு, ஒரு போகம் உழுதுக்கோன்னு. அவன் குத்தகைக்காரன் நாந்தான்னு கோர்ட்டுக்குப் பூட்டான். அந்த நெலம் இன்னிக்கி வரைக்கும் எங்க கைக்கு வர்ல. வாயால ஆயிரந்தபா சொல்றேன், ஆடுங்க. கையெழுத்து மட்டும் கேக்காத."

காகிதம் இல்லாவிட்டால் எனக்குப் பயம். காகிதம் இருந்தால் அவருக்குப் பயம். போலீஸ் வந்து கேட்டால் நாங்கள் எதைக் காட்டுவது என்று விளக்கினேன். வாளியை மறுபடி எடுத்து மாட்டின் முன்னால் வைத்தார்.

"சரி, நானே வந்து ஒக்காந்துக்கறேன். யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்."

"ஒக்கார்றதுதான? அத்த மட்டும் நல்லா செய்வாரு" என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி.

சொன்னபடி வந்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். சிமெந்துச் சாக்குகளில் மண் நிரப்பி பேஸ் வைத்தோம். மட்டை, பொதிப்பெட்டிப் பலகையில் செதுக்கியது. முதல் ஞாயிறு றஜனி பெரிதாக எதுவும் பேசவில்லை. இரண்டாம் ஞாயிறு, வெளிச்சம் சாயும் நேரம், மேலே போன ஒரு பந்துக்கு அவள் பின்பக்கமாக ஓடினாள். "என்ர!" அந்தக் குரல் அப்படியே இருந்தது. பந்தைப் பிடித்துக்கொண்டு தானே திகைத்து நின்றாள். யாரோ அழத் தொடங்கி, பிறகு எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சத்தம்தான் வீதிவரை போயிருக்க வேண்டும். ஒரு போலீஸ்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வயலுக்குள் வந்தார்.

"யாருப்பா இவங்கள்லாம்?"

"நம்ம புள்ளைங்கதான் சார். கம்பெனில வேல. லீவு நாளு, வெளாடினுகீறாங்க" என்றார் ஏழுமலை.

"இது இன்னா ஆட்டம்?"

"கிரிக்கெட்டு மாரிதான் சார். ஆனா சுத்தி சுத்தி ஓடுவாங்க. எனக்கே தல சுத்துது."

போலீஸ்காரர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எந்த ஊரும்மா நீ?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை, "வடக்குப்பட்டு சார்" என்றார்.

சைக்கிள் வீதிக்கு ஏறும்வரை பார்த்திருந்துவிட்டு என்னிடம் வந்தார். "தப்பா நெனச்சிக்காதம்மா. ஆடுங்க, நான் வேணாங்கல. ஆனா கூவாதீங்க. உங்க பேச்சு காட்டிக் குடுத்துடுது. எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீது." எங்களுக்காகப் பொய் சொன்ன மனிதரிடம் எதைக் கேட்க முடியும்? ஓம் என்று தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறும் பன்னிரண்டு பேரும் வந்தோம். ஓட்டங்களை விரலால் காட்டினோம். ஆட்டமிழந்தவருக்குக் கையை உயர்த்தினோம். பலகையில் பந்து படும் ஓசையும் காய்ந்த நெல் தாளில் கால்கள் சரசரக்கும் ஓசையும் மட்டும் கேட்டன. ஒரு பந்து மிக உயரத்துக்குப் போனது. றஜனியும் நானும் இரு பக்கத்திலிருந்தும் அதற்கு ஓடினோம். அவள் வாய் திறந்தது. பார்வை ஒரு கணம் வரப்புக்குப் போனது. வாய் மூடிக்கொண்டது. அவள் பிடிப்பாள் என்று நானும், நான் பிடிப்பேன் என்று அவளும் நின்றுவிட்டோம். பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்து, துள்ளி, அடங்கியது.

"இன்னாம்மா, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துகினு நிக்கிறீங்க? எடுங்கம்மா!" என்று வரப்பிலிருந்து ஏழுமலை உரக்கக் கத்தினார். அந்த வயலில் அன்று கேட்ட ஒரே குரல் அவருடையதுதான்.