முகாமில் நான் கொடுத்த பெயர்

சபையிலுள்ள அக்கா தங்கைமாரே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்வதற்கு முன் நான் செய்த கேவலத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2009-இல் எனக்கு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் ரத்தம் படத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால் வாங்கும்போதே தண்ணீர் கலந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பேன். அப்போதுதான் மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் தெருவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முகாம் போட்டார்கள். இலவசம் என்றதுமே எனக்குச் சந்தேகம். பெயர், வீட்டுக்காரர் பெயர், தெரு எல்லாம் எதற்கு எழுதுகிறார்கள்? பட்டியல் வெளியே போனால் அவளுக்கு அந்த நோயாம் என்று ஊரே பேசும். ஆனாலும் பயம் விடவில்லை, போனேன். நர்ஸ் பெயர் கேட்டபோது என் கொழுந்தன் மனைவி மரியாவின் பெயரைக் கொடுத்தேன்.

வாயில் தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன். என்னைப் பற்றிச் சபையில் பேசித் திரிகிறவள் அவள்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. கெட்ட பெயர் வந்தால் அவளுக்கு வரட்டும். வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று, ஆண்டவரே, என் பெயர் அந்தப் பட்டியலில் வரவே கூடாது என்று ஜெபித்தேன். அதையும் கேட்டார்.

ஒரு மாதம் கழித்து அந்த நர்ஸ், மரியாவின் வீட்டு வாசலுக்கு வந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். எல்லாம் எனக்குக் கேட்டது.

"கேம்ப்புல எடுத்த டெஸ்ட்டுல, கர்ப்பப்பை வாய் செல்லுல மாத்தம் தெரியுதும்மா. சிதம்பரம் போய்க் காட்டணும்."

"நான் எந்த கேம்ப்புக்கும் வரலியே."

"வெக்கப்படாதீங்க. நெறைய பேரு இப்படித்தான் சொல்றாங்க."

மரியாவின் கையில் நர்ஸ் கொடுத்துவிட்டுப் போன சீட்டு என்னுடையது. வாயைத் திறந்தால் மானம் போகும், மூடிக்கொண்டால் உயிர் போகும். மூன்று நாள் இப்படியே போனது. "ஆண்டவரே, சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீரே யாரையாவது அனுப்பி என்னை இழுத்துக்கொண்டு போம்" என்று அழுதேன்.

மறுநாள் காலை கதவைத் தட்டியவள் மரியா.

"அக்கா, எம்பேருல சீட்டு வந்திருக்கு. வூட்டுக்காரரு என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு. போய் டெஸ்ட் எடுத்துடுறேன். பயமா இருக்குக்கா, கூட வர்றீங்களா?"

விஷயம் தெரிந்து என்னை வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆனாலும் கிளம்பினேன். பஸ்ஸில் அவள் வழி முழுக்க ஜெபித்துக்கொண்டே வந்தாள். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதிகிற இடத்தில் பெயர் கேட்டார்கள். அவளை முந்திக்கொண்டு நான் பேசினேன்.

"அது நான்தாங்க. கேம்ப்புல இவ பேரக் குடுத்துட்டேன்."

மரியா என்னையே பார்த்தாள். "ஏங்க்கா?" என்று மட்டும் கேட்டாள். என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா துளி சதை எடுத்து, அதில் ஒரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். முதல் டெஸ்ட் போதாதா என்று முறைத்தேன்.

"இந்த மாத்தம் நெறைய பேருக்குத் தானாவே சரியாயிடும்மா. உங்களுது அப்படியா, விட்டா புத்துநோயாகுமான்னு எனக்கே சந்தேகம். செல்லுக்குள்ள ஒரு புரதம் ஜாஸ்தியா இருந்தா, சாயம் பழுப்பாக் காட்டிக்குடுக்கும்."

டாக்டருக்கும் சந்தேகம் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. புட்டியில் ஒட்டிய பெயர் என்னுடையதுதானா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அடுத்தவள் பெயரைத் திருடினவளுக்கு அந்தப் பயம் இருக்காதா?

பழுப்பாகத்தான் வந்தது. புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தின கட்டம் என்றார்கள். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். கொழுந்தனிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். இப்போது 2012. வருஷம் தவறாமல் சோதனைக்குப் போகிறேன், மரியாதான் கூட வருகிறாள்.

பாலில் இன்னமும் விரலை விட்டுத்தான் பார்க்கிறேன். ஆனால் என் முதல் ஜெபத்தோடு ஆண்டவர் என்னை விட்டிருந்தால் இன்று உங்கள் முன் நிற்க மாட்டேன். நான் யாரைச் சந்தேகப்பட்டேனோ அவளையே அனுப்பி என்னைக் காப்பாற்றினார். அவருக்கு ஸ்தோத்திரம். அடுத்த முகாம் வரும். சந்தேகம் இருந்தால் நர்ஸை நூறு கேள்வி கேளுங்கள். ஆண்டவரை நம்பிப் போங்கள். பெயர் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

என் பெயர் எஸ்தர்.